கால் வீங்கினால் தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். பி.பி.க்கு அம்லோடிபின் மாத்திரை போடுகிறார். சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. வீக்கம் ஏறும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இப்போது உட்கார்ந்து எழுந்தாலே தலை சுற்றுகிறதாம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இதயமோ சிறுநீரகமோ சரியில்லை, அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. தண்டையார்பேட்டையில் என்னிடம் வரும் மீன்காரம்மாக்கள் பலர் இதையேதான் செய்கிறார்கள். வெயிலில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் இப்படி வாயைக் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காலில் தேங்கும் நீர் ரத்தக்குழாய்க்கு வெளியே, சதையின் இடுக்குகளில் நிற்கிறது. 70 கிலோ ஆளின் உடம்பில் சுமார் 42 லிட்டர் நீர் இருந்தாலும், ரத்தத்தோடு ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான். எழுந்து நின்றதும் அரை லிட்டர் ரத்தமாவது கீழே இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் அதைக் கண்டு மூளைக்குச் சொல்ல, நாடி வேகம் கூடி, குழாய்கள் இறுகி, பிரஷர் நிமிரும். ரத்தத்தில் நீரே குறைந்திருந்தால் இந்த ஏற்பாடு தடுமாறும். அதுதான் தலைசுற்றல். இன்னொன்று, நீர் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து உப்பையும் நீரையும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தண்ணீர்ப் பட்டினி போட்டு வீக்கத்தை வடிக்க முடியாது.

வீக்கத்துக்கு எனக்கு மாத்திரை மேல்தான் சந்தேகம். அம்லோடிபின் சின்னத் தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் பெரிதாகக் கேட்காது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை தரலாம். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வியாபாரத்துக்கு நடுவே எழுந்து நடக்கட்டும், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். கருவாட்டைக் குறைக்கட்டும், ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்க வேண்டாம், நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.