கரை சேரும் உப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடி மாதத்தில் மண்டபம் தென்கடல் ஓரம் வண்டியை நிறுத்தினால் மாலைக்குள் கண்ணாடியில் உப்புப் படிந்துவிடுகிறது. அது இரும்பைத் தின்பது தெரியும். பறந்து வரும்போதே அந்த உப்பு காற்றோடு ஏதேனும் வினை புரியுமா, கிளம்பியபடியே கரை சேருமா?

– மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண்ணாடியில் படிவது அநேகமாகக் கிளம்பியபடியே வந்த உப்புதான். அலை உடைகையில் நீருக்குள் சிக்கிய குமிழிகள் மேலே வந்து வெடித்துத் துளிகளை வீசுகின்றன. அவற்றுள் பெரியவை கரையோரத்திலேயே விழுந்துவிடுவதால் மாறுவதற்கு அவற்றுக்கு நேரமில்லை. மாறுபவை, கண்ணுக்குத் தெரியாமல் நாள்கணக்கில் மிதக்கும், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான நுண்துளிகள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உலர்ந்த உப்புத்துகளும், மழைக்காலத்து உப்பு ஜாடி கசிவதைப்போல, நீரை இழுத்துக் கரைசலாகிவிடும்.

தூத்துக்குடியின் அனல்மின் நிலையங்கள் உங்கள் ஊருக்குத் தென்மேற்கே இருப்பதால், ஆடிக் காற்று அந்தப் புகையையும் மன்னார் வளைகுடாவின் துளியையும் ஒரே வழியில் கொண்டுவர இயலும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து பகலில் உருவாகும் நைட்ரிக் அமிலம் துளிக்குள் புகுந்ததும், சோடியம் நைட்ரேட் துளியில் தங்க, குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறிவிடுகிறது. கந்தக அமிலமும் அவ்வாறே குளோரினை விரட்டும். கடல்நீரில் குளோரைடின் (உப்பில் சோடியத்தோடு சேர்ந்துள்ள குளோரினின்) எடை சோடியத்தைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு. காற்றில் பிடித்த துகளில் அந்த விகிதம் குறைந்திருந்தால், அது வழியில் அமிலத்தைச் சந்தித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரவில் நடப்பதே எனக்கு மிகவும் சுவையானது. நைட்ரஜன் டைஆக்சைடு ஓசோனோடு சேர்ந்து, வெயிலில் நிலைக்காத டைநைட்ரஜன் பென்டாக்சைடாக இருட்டில் திரள்கிறது. அது உப்புத்துளியில் பட்டால் நைட்ரில் குளோரைடு என்னும் வாயு பிறக்கிறது. பொழுது விடிந்ததும் சூரிய ஒளி அதை உடைத்துக் குளோரின் அணுவை விடுவிக்க, அந்த அணு காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களை (கார்பன் அடங்கிய வாயுக்களை) தாக்கி, உடன் வெளிவரும் நைட்ரஜன் டைஆக்சைடின் துணையோடு, மூச்சுக்குத் தீங்கான தரைமட்ட ஓசோன் உருவாக வழிசெய்கிறது. ஆய்வுக்கூடத்தில் முன்பே அறியப்பட்டிருந்த இந்த வாயுவை, 2006இல் டெக்சஸ் கடற்பகுதியில் கப்பலில் சென்றவர்கள் திறந்த காற்றிலேயே அளந்தனர். அளவு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான். விடிகாலையில் கடற்கரையில் நடக்க அஞ்ச வேண்டியதில்லை.

பாம்பன் பாலத்தின் இரும்பை அரிப்பதில் முதன்மைப் பங்கு, அருகிலேயே தெறித்து விழும் பெருந்துளிகளின் குளோரைடுக்குத்தான். ஆகவே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுவதை நிறுத்திவிடாதீர்கள்.