சாந்தேட் இல்லாமல் ஈயத் தாது மிதக்குமா?

கேள்வி: ஈய, துத்தநாக சல்பைடுகளை நுரை மிதப்பு முறையில் (அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலந்து, வேண்டிய துகளைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து நுரையோடு மேலே எடுப்பது) பிரிக்க சாந்தேட் போன்ற சேகரிப்பான் கட்டாயம் வேண்டும் என்றுதான் படித்தேன். சேகரிப்பானே இல்லாமலும் முடியும் என்கிறார் எங்கள் பேராசிரியர். அது எப்படி?

பதில்: அவர் சொல்வது சரிதான். சாந்தேட்டின் வேலை என்ன? தாதுத் துகளைத் தண்ணீர் ஒட்டாததாக்குவது, அவ்வளவுதான். ஈய சல்பைடு கனிமமான கலீனா அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். புதிதாக உடைத்த கலீனாவைப் பார்த்திருக்கிறீர்களா, கண்ணாடிபோல் பளபளக்கும். அதைக் காற்று கலந்த தண்ணீரில் விட்டால் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஈயம் கரைந்து வெளியேறும், கந்தகம் மிகுந்த மெல்லிய தோல் மிஞ்சும். அந்தத் தோலில் தண்ணீர் ஒட்டாது, காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். நுரை உடையாமல் நிற்க நுரைப்பான் மட்டும் வேண்டும்.

துத்தநாக சல்பைடான ஸ்பாலரைட்டில் இது சுலபமாக நடப்பதில்லை. ஈயம் கரையும்போது எலக்ட்ரான்கள் கனிமத்தின் வழியாக ஓட வேண்டுமே! கலீனா நல்ல குறைகடத்தி, அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் ஓடத் தாண்டவேண்டிய ஆற்றல்) சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட். தூய ஸ்பாலரைட்டுக்கு அது 3.6 போல, கிட்டத்தட்ட மின்காப்பான் என்றே சொல்லலாம். அதனால்தான் ஒன்று மிதக்கிறது, இன்னொன்று தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத இடம் அரவை ஆலை. மிதப்புத் தொட்டியில் என்ன செய்தாலும், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது என்பது என் கருத்து. இரும்புக் குண்டுகள் போட்டு அரைத்தால் இரும்பு அரிக்கப்பட்டுக் கரைசலின் ஆக்சிஜனை விழுங்கிவிடும், ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் இறங்கிவிடும், மேற்கொண்டு இரும்பு ஹைட்ராக்சைடு துகள்மேல் படிந்து கலீனாவையும் மந்தமாக்கிவிடும். சரி, காற்றை நிறைய ஊதிவிடலாமே என்றால் அதுவும் ஆபத்துதான், ஆக்சிஜனேற்றம் அளவுமீறினால் ஈய ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் மேற்பரப்பை மூடும், அதுவரை குமிழியில் ஒட்டிக்கொண்டிருந்த துகள் தண்ணீரோடு போய்விடும். இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள் நிறுத்துவதுதான் திறமை.

அப்புறம் இன்னொரு சிக்கல். கலீனாவிலிருந்து கரைந்த ஈய அயனி ஸ்பாலரைட்டின் மேல் ஒட்டி, அதையும் மிதக்கத் தூண்டும். இதைத் தடுக்கக் காரக் கரைசலில் துத்தநாக சல்பேட் சேர்ப்பார்கள்.

ஆலைகள் இன்னும் சேகரிப்பானைக் கைவிடாததற்கு நல்ல காரணம் இருக்கிறது: இயல்பான மிதப்பு பலவீனமானது, பெரிய துகள்கள் நழுவிவிடும், தாது கொஞ்சம் மாறினாலும் அளவு கெட்டுவிடும். ஆனால் இந்த இயல்பைப் புரிந்துகொண்டால் சாந்தேட்டைக் குறைவாகப் போட்டே வேலையை முடிக்கலாம்.

ஆய்வகம் கிடைத்தால் ஒரே தாதுவை ஒருமுறை இரும்பு ஆலையிலும் ஒருமுறை பீங்கான் ஆலையிலும் அரைத்து, சாந்தேட் இல்லாமல் மிதக்கவிட்டுப் பாருங்கள். கரைசலின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தைக் காட்டும் பிளாட்டினம் மின்முனையின் அளவீட்டையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.