கூட்டத்தில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் மலையில் சுரங்கம் தோண்டப் போகிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். இப்போது நாங்கள் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்தத் தாளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அது வெறும் வருகைப் பதிவாக இருக்கலாம். மேலே என்ன தலைப்பு இருக்கிறது, கையெழுத்துப் போடும்போது அந்தத் தலைப்பு இருந்ததா, உங்களுக்குப் புரிகிற மொழியில்தான் இருந்ததா என்று பாருங்கள். கூட்டத்துக்கு வந்தது வேறு, சரி என்று சொன்னது வேறு. 2007-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 32-வது பிரிவு, திட்டத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே அந்த மக்களின் சம்மதத்தைப் பெற அரசு அவர்களோடு கலந்துபேச வேண்டும் என்கிறது, அதுவும் வற்புறுத்தல் இல்லாமல், முழு விவரமும் தெரிந்து தரும் சம்மதமாக. ஆனால் பெரும்பாலான நாடுகளில் பிரகடனத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போக முடியாது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் என்ன பிடி இருக்கிறது, ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் கெடு என்று உடனே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஊர்க்கூட்டத்தை நீங்களே கூட்டுங்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுக்கும் திட்டம் வந்தபோது, அங்கே மலைத் தெய்வமான நியம ராஜாவை வழிபடும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. 2014-ல் மத்திய அரசும் அனுமதியை மறுத்துவிட்டது. எல்லா நாட்டிலும் இப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. ஆனாலும் பெரியவர்கள், பெண்கள், இளைஞர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, தேதி போட்டு எழுதிய தீர்மானம் கையில் இருந்தால், கம்பெனியின் தாளுக்குப் பதிலாக நீட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.

ஒப்பந்தம் ஏதாவது நீட்டினால் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆட்சேபிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஒன்று இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஜுகான் பள்ளத்தாக்கில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் தங்கிய தடயம் உள்ள குகை அது. 2013-ல் அதை அழிக்க ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனத்துக்கு மாநில அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு தோண்டியபோதுதான் சுமார் 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியால் பின்னிய கச்சை ஒன்று கிடைத்தது, அந்த முடியின் மரபணு அந்த நிலத்தின் இன்றைய பழங்குடி மக்களோடு ஒத்துப்போனது. இவ்வளவு தெரிந்த பிறகும், கொடுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சொல்ல அந்த மக்களுக்கு அப்போதைய சட்டத்தில் வழி இருக்கவில்லை. 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் வெடி வைத்துவிட்டது.

அதனால் உங்கள் தலங்களை இப்போதே பதிவு செய்யுங்கள்: எங்கே பூசை, எந்தச் சுனை, எந்தப் பாதை, யார் சொன்னது என்று. வெளியார் அறியக் கூடாத விஷயங்களை அந்தப் பதிவிலிருந்து தனியே பிரித்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கும் அதிகாரிகளுக்கும் எல்லையைக் காட்டும் வரைபடமும் ஊர்த் தீர்மானமும் போதும், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.