கரண்ட் போனால் பயப்படுகிற பையன்

அன்புள்ள அண்ணா,

தீயணைப்பு நிலையத்தில் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி செய்து பார்த்ததாகப் போன வாரம் நாலே வரி எழுதி நிறுத்திவிட்டீர்கள். எனக்கு மிச்சமும் தெரிய வேண்டும். என் மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். தீயணைப்பு வேலைக்கும் அதே தேர்வுதானே, அதுதான் வேண்டுமாம் அவனுக்கு. 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்களே, அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. போதாததற்கு, கரண்ட் போனால் இன்றைக்கும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறவன் இவன். வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

நாலு வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் வெட்கம்தான். மதுரையில் ஒரு நிலைய அலுவலர் எனக்குப் பழக்கம். சும்மா வந்து பாருங்கள் என்றார், போனேன், ஹெல்மெட் மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணத்தில்.

முதலில் ஹோஸ். சுருட்டி வைத்திருப்பதைத் தரையோடு ஒரே வீச்சில் உருட்டிவிட வேண்டும், அது பாய் விரிகிற மாதிரி நேராக ஓட வேண்டும். என்னுடையது ஓடிப்போய் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டது. காலியாக இருக்கும்போது மடித்த வேட்டி மாதிரி கிடக்கிற அதே ஹோஸுக்குள் தண்ணீர் வந்தால் வேறு ஜந்து: 63 மில்லிமீட்டர் குழாய், 15 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரே சுமார் 47 கிலோ. நுனியைப் பிடித்தவனை அது பின்னால் தள்ளும், நாம் முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும், எனக்குப் பின்னால் ஒரு பையன் முட்டுக்கொடுத்து நின்றதால்தான் விழவில்லை. ஏணி, முடிச்சு எல்லாம் செய்தோம், அதை விடுங்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பழைய அறை. மூச்சுக்கருவியை, அவர்கள் சொல்வது பி.ஏ. செட், முதுகில் ஏற்றினார்கள், பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. முகமூடிக் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டு, உள்ளே ஒரு மணல்மூட்டை கிடக்கிறது, அதுதான் மயங்கிக் கிடக்கிற ஆள், வெளியே கொண்டுவாருங்கள் என்றார்கள். புகையும் சூடும் மேலே நிற்கும் என்பதால் தவழ்ந்துதான் போக வேண்டும், ஒரு கை சுவரை விடவே கூடாது, அதுவும் புறங்கை. உள்ளங்கையால் தடவும்போது அறுந்த கரண்ட் வயர் பட்டால் விரல்கள் தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிவிடும்.

எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். பாதியில் முட்டி வலித்தது, எழுந்து நின்றேன், சுவரை விட்டேன். அவ்வளவுதான். நம் வீட்டு ஹால் அளவுகூட இல்லாத அந்த அறையில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காதுக்குள் என் மூச்சே புஸ் புஸ் என்று கேட்கிறது. தீ இல்லை, புகை இல்லை, வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள், எல்லாம் தெரிந்தும் கத்திவிட்டேன். தோளில் ஒரு கை விழுந்தது. "சார், உக்காருங்க. மொதல்ல உக்காருங்க." சிலிண்டர் முக்கால் மணி நேரம் தாங்கும் என்று கணக்கு, பயத்தில் இழுத்த மூச்சுக்கு இருபது நிமிடத்திலேயே காற்று தீரப்போகிற விசில் அடித்துவிட்டது.

வெளியே வந்து மோர் குடிக்கும்போது, ஹோஸ் பிடித்தபோது முட்டுக்கொடுத்த அந்தப் பையன் சொன்னதுதான் உங்களுக்கான பதில். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "எனக்கும் சின்ன வயசுல இருந்து இருட்டுன்னா பயம் சார். அதனாலதான் சுவத்தை விடவே மாட்டேன். பயமில்லாதவன்தான் எந்திரிச்சு நடப்பான்."

ஆகவே இருட்டைக் காரணம் காட்டி மகனைத் தடுக்காதீர்கள். தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடச் சொல்வார்கள், கயிறு ஏறச் சொல்வார்கள், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். வேலையும் நாம் நினைக்கிற மாதிரி தினம் தீ இல்லை. அன்று வந்த மூன்று அழைப்பில் இரண்டு பாம்பு, ஒன்று கிணற்றில் விழுந்த மாடு.

ஆனால் 2020 தீபாவளி பற்றி நீங்கள் கேட்டதற்கு ஆறுதலாக ஒன்றும் சொல்ல மாட்டேன். மாசி வீதிகளுக்குள் இன்னும் மரச்சட்டம் குத்திய காரை மாடிகள் இருக்கின்றன. சட்டம் எரிந்தால் மாடி நிற்காது. போதாததற்கு ஜவுளிக் கட்டு நாம் அடிக்கிற தண்ணீரையே குடித்துக் கனத்து மாடியை அழுத்தும். எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அப்படியொரு கட்டடத்துக்குள் போகிறவனுக்கு மேலே இருப்பது அந்த மாடிதான். அந்தப் பயம் உங்களுடையது, நியாயமானது, அதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை கரண்ட் போனால் டார்ச்சைத் தேடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். உங்கள் பக்கத்துக்கு வருகிறவன் எதைத் தடவிக்கொண்டு வருகிறான், உள்ளங்கையாலா புறங்கையாலா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.