வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மட்டும் ஏன் பிணைப்பைத் தீர்மானிக்கின்றன?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அணுக்கள் சேரும்போது வெளிக்கூட்டில் உள்ள இணைதிறன் எலக்ட்ரான்கள் மட்டும் ஏன் பங்கெடுக்கின்றன? சோடியம் ஏன் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க 'விரும்புகிறது'? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழப்பமே அங்கேதான்.

நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். "சோடியத்துக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும், அதனால் கையில் உள்ள ஒன்றைக் கொடுத்துவிடுகிறது" என்றுதான் நானும் பல வருடம் சொல்லிவந்தேன். ஒருநாள் ஆய்வகத்தில், மண்ணெண்ணெயில் கிடந்த சோடியத் துண்டை எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டிக் காட்டினேன். வெட்டிய முகம் வெள்ளியாகப் பளபளத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போனது. "பாருங்க, கொடுக்கறதுக்கு எவ்வளவு அவசரம்" என்றேன். முன் வரிசையில் நின்ற மாணவி பாடப்புத்தக அட்டவணையைக் காட்டிக் கேட்டாள்: "சார், அதுவாவே கொடுக்கும்னா, பிடுங்கறதுக்கு ஏன் 496 கிலோ ஜூல் செலவாகுது?"

அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. எந்த அணுவும் எலக்ட்ரானைச் சும்மா கொடுப்பதில்லை. வரவு செலவு போட்டுப் பாருங்கள். ஒரு மோல் சோடிய அணுக்களிலிருந்து, அதாவது 23 கிராமிலிருந்து, ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோ ஜூல் செலவு. அதைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349. இத்தோடு நிறுத்தினால் 147 கிலோ ஜூல் நஷ்டம்! தொலைவில் தனித்தனியாக நிற்கும் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் எதையும் கொடுத்து வாங்காமல் அப்படியே இருந்துவிடும்.

லாபம் அதற்கு அப்புறம் வருகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி, அதை வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி (குளோரைடு). இரண்டும் நெருங்கி, ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியங்கள் என்று சூழ்ந்து அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு சுமார் 787 கிலோ ஜூல் வெளியேறுகிறது. சமையலறையில் உள்ள கல் உப்பில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கட்டம் கட்டமான முகங்கள் தெரியும். அந்த அடுக்கின் வடிவம்தான் அது. எட்டு எலக்ட்ரான் என்பது இந்தக் கணக்கு முடியும்போது வந்து நிற்கும் இடம். அதை அணுவின் ஆசை என்று சொல்லிக் கொடுப்பது தவறு என்றே இப்போது நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு லாபம் கிடைக்கிறதே, சோடியத்திலிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்கினால் என்ன? அதற்கான செலவு 4562 கிலோ ஜூல். முதலாவதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். உங்கள் முதல் கேள்விக்கான பதில் இந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது.

சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள். ஆனால் வெளிக்கூட்டில் தனியாக இருக்கும் அந்த எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் நடுவே பத்து எலக்ட்ரான்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் அதற்கு எட்டுவது இரண்டு, இரண்டரைப் புரோட்டான்களின் இழுப்புதான். அதற்கு உள்கூட்டில் இருப்பவை கருவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை மறைக்க ஆளும் குறைவு. ஏறத்தாழ ஏழு புரோட்டான்களின் இழுப்பு அவற்றின் மேல் விழுகிறது. பக்கத்து அணு என்ன இழுத்தாலும் அவை அசையாது. கைக்கு எட்டும் விலையில் இருப்பது வெளிக்கூடு மட்டும்தான். மெக்னீசியத்தில் இந்தத் தாவல் இரண்டு எலக்ட்ரான்களுக்கு அப்புறம் வருகிறது: 738, 1451, அடுத்தது 7733. அதனால்தான் அது இரண்டைக் கொடுத்ததோடு நின்றுவிடுகிறது.

கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு. நான்கையும் பிடுங்க 14,000 கிலோ ஜூலுக்கு மேல் ஆகும். எந்த அடுக்கும் அதை ஈடுகட்டாது. அதனால் அங்கே பிடுங்கல் கிடையாது, பங்கிடல்தான். ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் இரண்டு கருக்களுக்கும் நடுவே நின்றால் இரண்டு கருக்களும் அதை இழுக்கும். தனியாக இருந்ததைவிட ஆற்றல் குறையும். ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த மீத்தேனில் இப்படிப் பங்கிட்டு உண்டாகும் சகப்பிணைப்புகள் நான்கு. நான்கையும் உடைக்க சுமார் 1660 கிலோ ஜூல் தேவை. பிடுங்குவதற்கும் சமமாகப் பங்கிடுவதற்கும் நடுவில் பல படிகள் உண்டு. தண்ணீரில் பங்கு நடக்கிறது, ஆனால் ஆக்சிஜன் பக்கம் இழுப்பு அதிகம்.

கடைசியாக ஒன்று. எட்டு நிறைந்துவிட்டால் பிணைப்பே கிடையாது என்று எழுதி வைத்திருந்தால் அதை அடித்துவிடுங்கள். நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர், பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு என்ற சிவப்பு ஆவி ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டார். அதற்கான செலவு மோலுக்கு சுமார் 1175 கிலோ ஜூல். அட்டவணையில் செனானுக்கு எவ்வளவு என்று பார்த்தார்: 1170. வெளிக்கூட்டில் எட்டும் நிறைந்த, எதனுடனும் சேராது என்று எல்லோரும் நம்பிய வாயு. ஆக்சிஜனிடம் பிடுங்க முடிந்தால் இதனிடமும் முடியும்தானே? 1962இல், கனடாவின் வான்கூவரில், செனானையும் அந்தச் சிவப்பு ஆவியையும் பிரித்து வைத்திருந்த தடுப்பை உடைத்தார். இரண்டும் கலந்த இடத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு திண்மம் படிந்தது.