டேபிளுக்கு வைத்த மாற்றுப்பெயர் எதுவரை செல்லும்?

டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் ஒரு குவெரி எழுதும்போது, டேபிளைக் குறிப்பிடும் ‘ஃப்ரம்’ பகுதியில் ‘ஆர்டர்கள் ஆ’ என்று ‘ஆ’வை மாற்றுப்பெயராக எழுதிவிட்டு, நிபந்தனை சொல்லும் ‘வேர்’ பகுதியில் ‘ஆர்டர்கள்.தேதி’ என்றால் ஏன் பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுப்பெயர் வைத்ததுமே அந்தக் குவெரிக்குள் பழைய பெயர் மறைந்துவிடும். ‘ஆ.தேதி’ என்றுதான் எழுத வேண்டும்.

சரி, ஒரு குவெரிக்குள் இன்னொரு குவெரி, அதாவது உள்குவெரி வந்தால்? ‘வேர்’ பகுதிக்குள் இருக்கும் உள்குவெரிக்கு வெளியே உள்ள ‘ஆ’ தெரியும். உள்ளே வைத்த பெயர் வெளியே தெரியாது. இரண்டிலும் ‘ஆ’ என்றே வைத்தால் உள்ளே இருப்பதுதான் செல்லும். இதில் நான் நன்றாக மாட்டியிருக்கிறேன். ஒரு மளிகைக்கடைக் கணக்கில், அந்தந்தக் கிளையின் சராசரிக்காக உள்ளே ‘ஆ.கிளை = ஆ.கிளை’ என்று எழுதினேன். பிழையே வரவில்லை. தேக்கா, ஈசூன், உட்லண்ட்ஸ் மூன்று கிளைகளையும் கலந்த சராசரிதான் வந்தது!

அப்புறம், ‘ஃப்ரம்’ பகுதியில் எழுதும் உள்குவெரிக்குப் பக்கத்து டேபிளின் மாற்றுப்பெயர் தெரியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 9.3 பதிப்பு முதல், அதன் முன்னால் ‘லேட்டரல்’ போட்டால் தனக்கு முன்பு எழுதியவை தெரியும்.