கோழி ஷெட்டில் 10 மீட்டர் ரேஞ்ச்: எது கூடும், எது கூடாது

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "என் மகளுக்கு 14 வயது. கோவையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். வாரம் ஒருமுறைதான் கூட்டிப் போக முடிகிறது. தோப்புக்குள் டார்கெட் கட்டிப் பழகட்டுமா, இல்லை சும்மா கிடக்கும் கோழி ஷெட்டைச் சரிசெய்து கொடுக்கட்டுமா? பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது. அதையும் அங்கேயே சுட்டுப் பழகலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு ரேஞ்ச், அதாவது சுடுதளம், நடத்த, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி தனியாக உரிமம் வாங்க வேண்டும். நிலம் உங்கள் பட்டாவில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கோழி ஷெட்டின் சுவரும் தோட்டாவைத் தாங்காது. அந்தத் துப்பாக்கியை ஷெட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளுக்குச் சட்டம் வேறு. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை. போட்டி ரைஃபிளில் அரை கிராம் எடையுள்ள பெல்லட் (சிறு ஈயக் குண்டு) நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 8 ஜூல்தான். 'பவர் அதிகம்' என்று சொல்லி விற்கும் 5.5 மில்லிமீட்டர் ரகத்தை வாங்கிவிடாதீர்கள். அடையாளச் சான்று கொடுத்து, மாடலும் விட்டமும் எழுதிய பில்லோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். யாராவது விசாரித்தால் கையில் காட்ட அது வேண்டும்.

இனி தோப்பா, ஷெட்டா என்ற கேள்வி. 8 ஜூல் என்றதும் விளையாட்டுப் பொருளாக நினைக்கத் தோன்றும். அந்த பெல்லட் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் இருநூறு மீட்டரைத் தாண்டியும் போகும். தோப்பில் மரத்தின் மேல் தேங்காய் பறிக்கிறவர் இருப்பார், மாடு பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார், சொட்டுநீர்க் குழாய் பார்க்க இன்னொருவர் குனிந்திருப்பார். சுடுகிறவள் டார்கெட்டை மட்டுமே பார்ப்பாள். பக்கத்தில் வருகிறவரைப் பார்க்க மாட்டாள். குழலுக்கு முன்னால் ஒருவரும் வரவே முடியாத இடமாக இருக்க வேண்டும். ஷெட்டைத்தான் அப்படி ஆக்க முடியும். அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் வழக்கு வரலாம்.

நீளமான ஷெட்டின் ஒரு கோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை சரியாக 10 மீட்டர். பின்னால் நிற்க, ரைஃபிளை வைக்க 3 மீட்டர். டார்கெட்டுக்குப் பின்னால் ஒரு மீட்டர். ஆக 14 மீட்டர், ஏறத்தாழ 46 அடி. அகலம் பத்தடி போதும். கோழி ஷெட்டில் பக்கச் சுவர் அரையாள் உயரம்தான் இருக்கும், மேலே கம்பி வலை. வலை பெல்லட்டை நிறுத்தாது. சுடும் கோட்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கூரை வரை ஹாலோ பிளாக் வைத்து மூடுங்கள். டார்கெட் பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர் வேண்டும். கதவு ஒன்றே ஒன்று, அதுவும் சுடுகிறவருக்குப் பின்னால். முன்பக்கம் பழைய வாசல் இருந்தால் பூட்டிப் போடாதீர்கள், செங்கல் வைத்து அடைத்தே விடுங்கள். பூட்டியதை அவசரத்துக்கு யாராவது திறப்பார்கள்.

சுட்ட குண்டைப் பிடிக்கும் பெட்டியான பெல்லட் டிராப்பை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஒன்றரை அடிச் சதுர இரும்புப் பெட்டி. உள்ளே 5 மில்லிமீட்டர் தகடு 45 டிகிரி சாய்வில், கீழ்நோக்கி. பெல்லட் தகட்டில் பட்டுச் சப்பையாகிக் கீழே மணல் தட்டில் விழும். செங்குத்தாகத் தகடு வைத்தால் ஈயத் துணுக்கு சுட்டவர் பக்கமே திரும்பி வரும். பெட்டியைத் தவறவிடும் குண்டுக்காக, பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளி இரண்டு மடிப்புச் சாக்குப் படுதாவைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உருண்டையான ஸ்டீல் குண்டுகள் இந்த ஷெட்டுக்குள் வரவே கூடாது. அவை சப்பையாகாமல் எகிறும்.

டார்கெட்டின் நடுப்புள்ளி, அவள் நிற்கும் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். போட்டியில் டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் கேட்பார்கள். ஏர் ரைஃபிள் அட்டையில் முழு மதிப்பெண்ணான பத்துக்குரிய நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பதால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எல்.ஈ.டி. விளக்குகள் அவள் கண்ணில் அடிக்காதபடி மறைப்பு வையுங்கள்.

வீட்டு ரேஞ்சில் பெரும்பாலும் மறந்துபோவது ஈயம். ஷெட்டுக்குள் சாப்பிடக் கூடாது, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தரையை விளக்குமாற்றால் கூட்டினால் ஈயத்தூசி மூச்சில் ஏறும், ஈரத்துணியால் துடையுங்கள். சேர்ந்த ஈயத்தைத் தோப்பிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் டப்பாவில் சேர்த்துப் பழைய உலோகம் எடுப்பவரிடம் கொடுங்கள்.

உங்கள் பகுதியில் மயில் தொல்லை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், விவசாயியின் எரிச்சலும் புரிகிறது. ஆனால் விரட்டுவதற்காகக்கூட இந்த ரைஃபிள் வெளியே வரக் கூடாது. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்றாண்டு சிறை. அதைவிட, ஒருநாள் வெளியே போன ரைஃபிள் அடுத்த நாளும் போகும். பூட்டிய பீரோவில் ரைஃபிள், வேறொரு பூட்டில் பெல்லட், சாவி உங்களிடம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவள் சுட வேண்டாம். சுடாத நேரத்தில் குழலில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்கட்டும். டார்கெட் மாற்றப் போகும்முன் ரைஃபிளைக் கீழே வைத்து, குழல் காலி என்று இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2008இல் பெய்ஜிங்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு, பெற்றோர் பஞ்சாபில் வீட்டிலேயே உள்ளரங்க ரேஞ்ச் கட்டிக் கொடுத்திருந்தார்கள். உங்கள் ஆசை பெரிய ஆசை இல்லை, செய்யக்கூடியதுதான். முதல் குண்டு சுடும்முன் மகளின் பயிற்சியாளரை ஒருமுறை அழைத்துவந்து காட்டிவிடுங்கள். கட்டுவேலை முடியும்வரை குண்டில்லாமல் டிரை ஃபயரிங் பழகட்டும்; நிற்கும் நிலையும் விசை இழுப்பும் அதில்தான் படியும். ஆனால் அந்த வசதியுள்ள போட்டி ரைஃபிளில் மட்டும். ஸ்பிரிங் ரைஃபிளைக் குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டன் கெட்டுவிடும்.